தினமும் முப்பது லாரி எரிபொருள் எங்கிருந்து வரும்? தருமபுரி, கிருஷ்ணகிரியில் பயோமாஸ் மின்சாரம்

ஜூன் 8 – கேள்வி

போச்சம்பள்ளி வாசகர் ஒருவர் எழுதியது: "மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டது. கூழ் ஆலைகளின் பின்புறம் கொட்டையும் தோலும் குவிந்து நாறுகின்றன. தென்னை மட்டை, புளி ஓடு, மல்பெரிக் குச்சி, நிலக்கடலை ஓடு என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் எரிப்பதற்குப் பஞ்சமே இல்லை. பத்து மெகாவாட்டில் ஒரு பயோமாஸ் மின் நிலையம் வந்தால் உழவர் கையில் காசு புரளும், நிலக்கரியும் மிச்சம். எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவை அடுத்த பயிர் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சுற்றுச்சூழலுக்குக் கேடே இல்லை. இதை ஏன் யாரும் வற்புறுத்துவதில்லை?"

ஜூன் 8, இரவு

நான் பாய்லர் வேலையில் தலை நரைத்தவன். ஒரு சர்க்கரை ஆலையிலும், பிறகு வெளி மாவட்டத்தில் ஒரு பயோமாஸ் மின் நிலையத்திலும் இருந்தேன். இப்போது காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பும் கொஞ்சம் மல்பெரியும் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கேள்வியில் பாதி சரி. மறு பாதியைக் கணக்குப் போடாமல் ஏற்க முடியாது.

பத்து மெகாவாட் நிலையம் நாள் முழுக்க ஓடினால் 2,40,000 யூனிட். இந்த அளவு நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு 1.2 முதல் 1.4 கிலோ எரிபொருள் போகும், அதுவும் ஓரளவு காய்ந்திருந்தால். அதாவது தினமும் 300 டன். பத்து டன் லாரியில் முப்பது நடை. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,10,000 டன்.

நூறு டன் பழம் அரைக்கும் ஆலையில் கொட்டை பதினைந்து, இருபது டன் வரும். காய்ந்தால் பாதியாகும். பருவம் இரண்டு மூன்று மாதம். மாமரம் ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மீதி மாதங்களில் அந்த முப்பது லாரியை யார் நிரப்புவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

ஜூன் 9

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். நீங்கள் சொன்ன பொருள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தேன், எங்கே போய்ச் சேருகின்றன என்று.

கேழ்வரகுத் தாள், சோளத்தட்டை: மாட்டுக்கு. கோடையில் விலை கொடுத்தாலும் கிடைப்பதில்லை. துவரை மார், பருத்தி மார்: அடுப்புக்கு. எங்கள் தெருவில் எரிவாயு உருளை எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் வெந்நீரும் மாட்டுத் தீவனக் கொதியும் இன்னும் மாரில்தான். நிலக்கடலை ஓடு: தூளாக்கி அழுத்தி எரிகட்டி ஆக்குபவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் முன்பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். தேங்காய் மட்டை: கயிற்று ஆலைக்கு. மல்பெரிக் குச்சி: புழு இலையைத் தின்ற பிறகு மிஞ்சும் குச்சியைக் காயவைத்துக் கட்டி அடுக்கினால் பாதி வருடத்து விறகு. பட்டு நூற்கும் இடங்களில் கூடு வேகவைக்கவும் கேட்டு வருகிறார்கள். புளி ஓடுதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது, அதுவும் இரண்டு மூன்று மாதத்துப் பொருள்.

வீண் என்று நாம் எண்ணுகிற ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு வாய் இருக்கிறது. அந்த வாயைப் பற்றிய ஒரு பத்திகூடத் திட்ட அறிக்கைகளில் நான் பார்த்ததில்லை. நாடு முழுவதற்குமான அரசின் மதிப்பீடு ஆண்டுக்கு சுமார் 750 மில்லியன் டன் வேளாண் கழிவு, அதில் உபரி சுமார் 230 மில்லியன் டன், அதிலிருந்து 28,000 மெகாவாட் என்கிறது. பஞ்சாபில் நெல் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள், அங்கே உபரி கண்ணுக்குத் தெரிகிறது. நம் மேட்டு நிலத்தில் அந்தச் சராசரியை அப்படியே பொருத்தக் கூடாது.

ஜூன் 11

"விலை கொடுத்தால் எல்லாம் வரும்" என்கிறார் பாலக்கோட்டு நண்பர். வரும். என்ன வரும் என்பதை நான் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் வேலை செய்த நிலையத்தில் முதலில் உமி வந்தது. காற்றில் பறக்காமல் தார்ப்பாய் கட்டி, லாரி லாரியாக. உமி வாங்க ஆள் வந்ததும் அரிசி ஆலைகள் விலையை ஏற்றின. அடுத்து மர அறுவை ஆலைத் தூள். அதுவும் ஏறியது. பிறகு தென்னந்தண்டு, அதற்குப் பிறகு சீமைக்கருவேலம். கருவேலம் இருக்கும்வரை எனக்கும் உறுத்தல் இல்லை, அது ஒழியட்டும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மரத்தைச் சில்லுகளாக வெட்டும் இயந்திரத்தின் வாயில் நான் கண்டது வேம்பு. பட்டை பச்சையாக இருந்தது, வெட்டிய இடத்தில் பிசின் கசிந்துகொண்டிருந்தது. அடுத்த லாரியில் புளிய மரக் கிளைகள். கேட்டால், "எரிபொருள் என்று சீட்டில் இருக்கிறது, இறக்கு" என்றார்கள்.

வேம்பை வெட்டியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. மழை பொய்த்த வருடம், கைக்குக் காசு வேண்டும். ஆனால் நிலையத்தின் பசிக்கு வரம்பு இல்லாதபோது அந்தப் பசி மரத்தில்தான் போய் நிற்கிறது.

ஜூன் 14

கரியமில வாயு பற்றிக் கேட்டிருந்தார்கள். இதை நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு தரப்பும் பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றன.

புகைபோக்கி வாயில் மட்டும் அளந்தால் விறகு நிலக்கரியைவிட மோசம். பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் கணக்கேட்டில் ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு விறகு 112 டன் கரியமில வாயு, சாதாரண நிலக்கரி சுமார் 95 டன். அதோடு, பத்து மெகாவாட் நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் 20 முதல் 25 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கும். பெரிய நிலக்கரி நிலையம் 35-ஐத் தாண்டும். ஆகவே ஒரு யூனிட்டுக்குப் புகை கூடுதல். இது வாதம் அல்ல, அளவு.

"திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்" என்பதும் உண்மை. எவ்வளவு நாளில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கரும்புச் சக்கை என்றால் அடுத்த கரும்பு ஒரு வருடத்தில் உறிஞ்சிவிடும். எரிக்காமல் விட்டாலும் அது மட்கி அதே வாயுவாகத்தான் போகும். சீமைக்கருவேலம் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து நான்கைந்து வருடத்தில் எழுந்துவிடும். நாற்பது வருடத்துப் புளிய மரத்தை எரித்தால் அந்தக் கடன் அடைய நாற்பது வருடம், அதுவும் அதே இடத்தில் இன்னொன்றை நட்டு, ஆடு கடிக்காமல் காத்தால்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் டிராக்ஸ் என்ற பெரிய நிலக்கரி நிலையத்தின் ஆறு அலகுகளில் நான்கை மர எரிகட்டிக்கு மாற்றினார்கள். அந்த மரம் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2021 பிப்ரவரியில் 500-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்: மின்சாரத்துக்காகக் காட்டை எரிக்காதீர்கள், மரக் கழிவை எரிப்பது வேறு, மரத்தை எரிப்பது வேறு என்று. ஒரு கண்டத்தின் காட்டை அறுத்து இன்னொரு கண்டத்தில் விளக்கேற்றுகிறார்கள், அதற்கு மானியமும் கிடைக்கிறது. படித்தபோது எனக்கு அந்த வேம்புதான் கண்முன் வந்தது.

ஜூன் 15

போச்சம்பள்ளி நண்பரின் பதில் கூர்மையானது: "அப்படியானால் மாங்கழிவு அழுகி மீத்தேன் வருகிறதே, அது மட்டும் நல்லதா?"

நல்லதல்ல. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். குவியலின் உள்ளே காற்றுப் புகாத இடத்தில் அதுதான் உருவாகிறது. கரும்பழுப்பு நீர் வடிந்து கிணற்றுப் பக்கம் போவதையும் ஈ மொய்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கழிவைத் தொடாமல் விடுவது தீர்வு என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் தோலை எரிக்க முடியாது. தோலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ ஈரத்தோலில் எரியக்கூடியது 200 கிராம், அது தருவது சுமார் 800 கிலோ கலோரி. மீதி 800 கிராம் தண்ணீரை ஆவியாக்கவே 500 போய்விடும். புகையோடு போகும் சூட்டையும் கழித்தால் பாய்லருக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். தோலுக்குச் சாண எரிவாயுக் கலம்தான் சரியான இடம். சேலத்திலும் நம் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலும் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மரவள்ளி கழுவிய நீரை மூடிய தொட்டியில் விட்டு, வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டுகிறார்கள். துர்நாற்றமும் குறைகிறது.

ஆகவே கொட்டை ஒரு வழி, தோல் ஒரு வழி. இரண்டையும் "மாங்கழிவு" என்று ஒரே மூட்டையில் கட்டிப் பேசினால் திட்டம் முதல் பருவத்திலேயே படுத்துவிடும்.

ஜூன் 22

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கூழ் ஆலைக்குப் போனேன். தெரிந்தவர் ஒருவர் உள்ளே அழைத்துப்போனார்.

எல்லாம் பெங்களூரா ரகம். கூழ் பிழியும் இயந்திரத்திலிருந்து கொட்டை மஞ்சள் நாருடன் வழுக்கிக்கொண்டு வந்து விழுகிறது. களத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, பெண்கள் பலகையால் தள்ளித் தள்ளிப் புரட்டுகிறார்கள். மேலே வெளுத்து, தட்டினால் கலகலவென்று சத்தம். ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்து உடைத்தேன். உள்ளே பருப்பு இன்னும் ஈரமாக, வெட்டிய தேங்காய்போல் வெள்ளையாக இருந்தது. சற்று நேரத்தில் பழுப்பாகிவிட்டது. வெளியே காய்ந்த கொட்டையை அப்படியே பாய்லரில் போட்டால் உள்ளீரம் நெருப்பைத் தணிக்கும், கறுத்த புகை வரும். ஓட்டையும் பருப்பையும் பிரித்துவிட்டால் ஓடு நல்ல எரிபொருள். விறகோடு சேர்த்தே எரியும்.

பருப்பை எரிப்பது பாவம். அதில் கொழுப்பு இருக்கிறது, சாக்லேட் செய்யக் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் தரமானது. மாவும் இருக்கிறது. பஞ்ச காலத்தில் மாங்கொட்டைப் பருப்பை ஊறவைத்து, துவர்ப்புப் போக்கி, இடித்துக் கூழ் காய்ச்சியதாக என் பாட்டி சொல்லியிருக்கிறார்.

ஆலையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்புறம் கொட்டை மலை, முன்புறம் பாய்லருக்கு விலைக்கு வாங்கிய விறகு அடுக்கு. முழு மரத்தண்டுகள். ஏன் என்று கேட்டேன். கொட்டை காய நாள் ஆகிறது, மழை வந்துவிடுகிறது, இடமில்லை என்றார்கள். இதைச் சரிசெய்ய மின் நிலையம் வேண்டாம். ஒரு கூரையும் கொட்டை உடைக்கும் இயந்திரமும் போதும். விறகு வாங்குவது கணிசமாகக் குறையும்.

ஜூலை 3

புகையும் சாம்பலும். மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் இருந்தால் பிரச்சினை இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சாதனம் இருப்பதும் ஓடுவதும் ஒன்றல்ல. நான் இருந்த நிலையத்தில், புகையின் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டி அடைத்துக்கொண்டால் இரவில் அதைச் சுற்றிப் புகையை வெளியே விடுவார்கள். விடிந்தால் பக்கத்து ஊரில் கொடியில் காயும் துணியெல்லாம் கரிப்பொட்டு. பால்காரர் ஒருவர் வாசலில் வந்து சத்தம் போட்டார். சத்தம் போட்டவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும், என் கையில் எதுவும் இல்லை. நுண்துகள் நெஞ்சில் போய் உட்காரும். எங்கள் பிரிவில் இருமல் இல்லாத ஆள் இல்லை.

சாம்பல் எரிபொருளைப் பொறுத்தது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. விறகில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். வயலில் விளைந்த தாள்களில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அவை உருகிக் குழாய்களில் பிசின் மாதிரி ஒட்டும், எரிபொருள் எரியும் தட்டில் கட்டிதட்டிப் போகும். கடப்பாரையால் அந்தக் கட்டியை உடைத்த நாட்களில் இரவு கையை மடக்க முடியாது.

அதே பொட்டாசியம்தான் சாம்பலின் நன்மையும். வெறும் விறகுச் சாம்பல் அமில மண்ணுக்கு நல்ல எரு. நிலக்கரி கலந்து எரித்த சாம்பலை வயலில் கொட்டாதீர்கள்.

ஜூலை 4

இந்தப் புகையில் கந்தகம் குறைவு என்று ஒருவர் எழுதியிருந்தார், அது சரி. தாவர எரிபொருளில் கந்தகம் மிகக் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் நிலக்கரியைவிட உறுதியாக மேல்.

ஜூலை 19

தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தருமபுரிக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

2015-இல் மத்திய அரசு பழைய நிலக்கரி நிலையங்களுக்கு வைத்த வரம்பு யூனிட்டுக்கு 3.5 லிட்டர். திறன் குறைந்த சிறிய நிலையம் தண்ணீரில் குளிர்வித்தால் அதைவிடக் குறைய வாய்ப்பில்லை. அந்த வரம்பையே வைத்தாலும் பத்து மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 8,40,000 லிட்டர். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறை, வளைந்த கால் என்று நம் கண்முன்னே பார்த்த தலைமுறைகள் உண்டு. அதற்காகத்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. குடிக்கவே அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவரும் ஊரில், ஆழ்துளைக் கிணறு போட்டு ஆவியாக விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காற்றால் குளிர்விக்கும் முறை இருக்கிறது. தண்ணீர் மிச்சம், ஆனால் விசிறிகளுக்கே மின்சாரம் போகும், கோடையில் உற்பத்தி இறங்கும். நிலையம் வைக்க வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 2

அஞ்செட்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: "காடு முழுக்க உண்ணிச்செடி. யானைக்குப் புல் இல்லை. அதை வெட்டி எரித்தால் காட்டுக்கும் நல்லது, மின்சாரமும் கிடைக்கும்."

ஐயா, நீங்கள் சொல்வதை யோசித்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் தாமதம். உங்கள் பக்கத்துக் காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. அங்கே உண்ணிச்செடியை அகற்றுவது காட்டுக்குத் தேவையான வேலை, அந்நியத் தாவரங்களுக்கென மாநில அரசு 2022-இல் கொள்கையும் வகுத்தது. ஆனால் அகற்றுவது வேறு, அறுவடை செய்வது வேறு. ஒழிக்க வேண்டுமென்றால் வேர்க்கழுத்தை மண்ணுக்குக் கீழே அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், பிறகு புல் விதைத்து, மூன்று நான்கு வருடம் முளைப்பதைப் பிடுங்க வேண்டும். எடைக்குக் கூலி என்றால் தண்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும். மின் நிலையத்துக்கு அதுதான் வேண்டும், காட்டுக்கு அது வேண்டாம்.

முதுமலையில் மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரங்களை வெட்டிப் புகழூர் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ஆலை, மரம் தீர்ந்தால் அதற்கு வேறு மூலப்பொருள் உண்டு. அப்படி ஓர் ஏற்பாடு என்றால் உண்ணிச்செடிக்கும் சம்மதம்.

ஆகஸ்ட் 5

"அப்படியானால் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு அனுப்பலாமே" என்கிறார்கள். நிலக்கரி நிலையங்கள் ஐந்து விழுக்காடு எரிகட்டி கலக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021-இல் சொன்னது உண்மை. மேட்டூர் நமக்குப் பக்கம். திறனும் அதிகம், வடிகட்டியும் ஏற்கெனவே உண்டு. ஆனால் 1,440 மெகாவாட்டும் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் டன் நிலக்கரி. அதில் ஐந்து விழுக்காடு ஆயிரம் டன். முந்நூறுக்கே வழி தெரியாமல் இருக்கிறோம். புளி ஓடும் நார்க்கழிவும் மிஞ்சினால் மிஞ்சிய அளவுக்கு அனுப்பலாம். கட்டாய அளவு வைத்தால் மீண்டும் மரம்தான் சாயும்.

ஆகஸ்ட் 24

நான் பயோமாஸுக்கே எதிரி என்று நினைக்காதீர்கள். சர்க்கரை ஆலையில் சக்கை எரித்து மின்சாரம் எடுப்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு டன் கரும்புக்குச் சுமார் 300 கிலோ சக்கை, ஆலைக்குள்ளேயே கன்வேயரில் வந்து விழுகிறது. லாரி வேண்டாம், தரகர் வேண்டாம். பாதிக்குப் பாதி ஈரம் இருந்தாலும் எரியும். உயர் அழுத்தப் பாய்லர் இருந்தால் ஒரு டன் கரும்பில் நூறு யூனிட் எடுக்கலாம். முக்கியமானது இதுதான்: டர்பைனைச் சுற்றிவிட்டு வெளிவரும் நீராவி சாறு காய்ச்சப் போகிறது. வெறும் மின் நிலையத்தில் அந்தச் சூடு குளிர்கோபுரத்தில் வானத்துக்குப் போகும். சூட்டையும் பயன்படுத்தினால் எரிபொருளின் வெப்பத்தில் அறுபது, எழுபது விழுக்காடு வேலைக்கு வரும்.

நம் பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு போதுமான அளவு வந்தால்தான் இதுவும் நடக்கும். மழை பொய்த்த வருடம் கரும்பு சுருங்கும், சக்கையும் சுருங்கும். அப்போது "நிலையம் நிற்கக் கூடாது" என்று வெளியிலிருந்து விறகு வாங்கத் தொடங்கினால் நான் மறுபடியும் எதிர்ப்பேன்.

செப்டம்பர் 15

சிறிய அளவில்? கர்நாடகத்தில், தும்கூர் மாவட்டம் ஓசஹள்ளியில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல், விறகைக் குறைந்த காற்றில் எரித்து எரிவாயுவாக்கும் விறகு வாயுக்கலன் வைத்து ஒரு சிற்றூருக்கு விளக்கும் தண்ணீரும் மாவு அரவையும் தந்தார்கள். எரிபொருளுக்கு அந்த ஊரிலேயே தோப்பு வளர்த்தார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2003-இல் ஒன்பது கிலோவாட் கலன் வைத்துக் குடிநீர் இறைத்தது, பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலைக்குப் போனது. ஊர் அளவு, ஊர் விறகு. அந்த வரம்புக்குள் இது நேர்மையான தொழில்நுட்பம். வாயுவைக் கழுவும் தாரையும் கறுப்பு நீரையும் ஓடையில் விடாமல் இருக்க வேண்டும், ஆள் தினமும் கவனிக்க வேண்டும்.

ஆனால் இன்று பகல் மின்சாரத்துக்கு நம் ஊர் வெயிலைவிட மலிவானது எதுவுமில்லை. வெயிலால் எளிதில் செய்ய முடியாதது நாள் முழுக்க நீராவி. பட்டுக்கூடு வேகவைக்க, கூழைச் சூடேற்ற, ஜவ்வரிசி வறுக்க. நம் காய்ந்த கழிவெல்லாம் அங்கே போகட்டும், அங்கே எரியும் முழு மரத்தை அது மிச்சப்படுத்தும் என்பதுதான் என் நிலை. இரவு மின்சாரத்துக்கு என்ன வழி என்று கேட்டால், தோல் வாயுவில் ஓடும் இன்ஜினை இரவில் ஓட்டலாம், வாயுவைப் பகலில் சேமிக்க முடியும்.

அக்டோபர் 6

போச்சம்பள்ளி நண்பர் மீண்டும் வந்திருக்கிறார். பத்து மெகாவாட்டை விட்டுவிட்டு, நான்கைந்து கூழ் ஆலைகள் சேர்ந்து கொட்டை உலர்த்தும் கூரையும் பொதுவாக ஒரு வாயுக் கலமும் வைக்கலாமா என்று கேட்கிறார். தம்பி, இதற்கு நான் வருகிறேன். பாய்லர் பக்கம் முழுக்க என் பொறுப்பு.

அதற்கு முன் ஒரு வேலை. கொட்டையின் ஈரப்பதம் எவ்வளவு என்று ஆளுக்கொரு எண் சொல்கிறோம். அடுத்த பருவத்தில் உங்கள் ஊர்க் கூழ் ஆலையில் பத்துக் கொட்டையை உடைத்து, ஓடும் பருப்பும் தனித்தனியாக எடை போடுங்கள். ஓவனில் 105 டிகிரியில், எடை இனிக் குறையாது என்னும்வரை காயவையுங்கள். மறுபடி எடை போட்டு, குறைந்த எடையை முதல் எடையால் வகுங்கள். களத்தில் ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் காய்ந்ததற்கும் தனித்தனியே எடுத்து வையுங்கள். கூரையின் நீளமும் அகலமும் அந்த எண்களிலிருந்துதான் வரும். வந்ததும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.